கொக்கி விளக்குகள்

அந்தப் பின்னறையில் இருந்தது ஒரே ஒரு சட்டம். படத்துக்குச் சொந்தக்காரர் வாயைத் திறக்கக் கூடாது.

மற்றவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். "இதுக்குக் கேமரா எதுக்கு, கரித்துண்டே போதுமே!" என்றுகூடச் சொல்லலாம். சொந்தக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசியில், "எல்லாரும் சொல்லியாச்சா?" என்று கடைக்காரர் கேட்பார். அதற்குப் பிறகுதான் அவருக்கு வாய் உண்டு.

கடைக்காரர் என்றால் போட்டோ பிரிண்ட் போடும் கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பின்னறையில் இருக்கும் பெரிய மானிட்டரை இவர்களுக்காகப் போட்டுவிடுவார். போனில் அனுப்பிய படத்தை இங்கே யாரும் சீண்ட மாட்டார்கள். போனில் போனால் படம் நசுங்கிவிடும். எடுத்த அளவு இம்மியும் குறையாமல் பென் டிரைவில் முழுசாகக் கொண்டுவர வேண்டும். திரையில் முதலில் மொத்தப் படமும் வரும். அப்போது யாரும் பேச மாட்டார்கள். பிறகு கடைக்காரர் அதை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்குவார். நாற்காலிகள் எல்லாம் முன்னால் நகர்வது அப்போதுதான்.

"மூலையைக் காட்டுங்க," என்றார் மூலை.

அவருக்கு அந்தப் பெயர் வந்ததே இப்படித்தான். வரி ஆபீஸில் ஆடிட் பார்க்கிறவர். எந்தப் படம் வந்தாலும் நடுவில் இருப்பதை விட்டுவிட்டு நான்கு மூலைகளையும் முதலில் துழாவுவார். அவருடைய கல்யாண ஆல்பத்தைக் கொடுத்தாலும் பெண்டாட்டியை விட்டுவிட்டு மூலையைத்தான் பார்ப்பார் என்பது புரொபசரின் கேலி. புரொபசர் கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறார். அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். சில நேரங்களில் இரண்டு இருக்கும்.

அன்றைய படம் சிஸ்டருடையது. விடிவதற்கு முந்தைய ஏரி. தண்ணீருக்குள் நீளும் படகுத்துறை, அதன்மேல் வரிசையாக விளக்குகள், கடைசிக் கம்பத்தடியில் ஒரு கொக்கு. மொத்தப் படமாகப் பார்த்தபோது புரொபசரே "ஆகா!" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நூறு சதவீதத்துக்குப் போனதும் அந்த ஆகாவை யாரோ பிடுங்கிக்கொண்டார்கள்.

"விளக்கைப் பாருங்க," என்றார் மூலை.

பார்த்தார்கள். புள்ளியாக இருக்க வேண்டிய விளக்கு ஒவ்வொன்றும் கீழே இறங்கி, இடப்பக்கம் வளைந்து, ஒரு சின்னக் கொக்கியாக இருந்தது. ஒன்று தப்பாமல் எல்லாம் ஒரே மாதிரி.

"இதுல சட்டை மாட்டலாம் போலிருக்கே," என்றார் கடைக்காரர்.

"கொக்கை எடுக்கப் போய் கொக்கி எடுத்துட்டு வந்திருக்காங்க," என்றார் புரொபசர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சட்டம் பேசத்தான் தடை, சிரிக்கத் தடை இல்லை. ஆனால் மடிமேல் இருந்த கைப்பையின் வாரை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கிண்டல் இருக்கட்டும். இது லென்ஸ் கோளாறு," என்றார் மூலை தீர்ப்புச் சொல்கிற குரலில். "லென்ஸுக்குள்ள ஆட்டத்தைத் தாங்குறதுக்குன்னு ஒரு கண்ணாடி இருக்கு. அது மக்கர் பண்ணுது. பழைய கேமரான்னா இது தெரியவே தெரியாது. சிஸ்டரோட புதுக் கேமரா ஈயோட கால்முடியையும் எண்ணிக் காட்டும். அதான் மாட்டிக்கிச்சு."

"எல்லாரும் சொல்லியாச்சா?"

"லென்ஸ்தான்னு எனக்கும் தோணிச்சு," என்றாள் அவள்.

சந்தேகம் தீர்த்துக்கொள்ள மூலை அங்கேயே அவள் கேமராவை வாங்கி, பின்னறையின் மங்கலான வெளிச்சத்தில் சுவர்க் கடிகாரத்தை ஒரு படம் எடுத்தார். திரையில் போட்டார்கள். கடிகார முள்ளின் நுனிவரை ஊசிபோலத் தெளிவாக இருந்தது.

மூலை கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாத்தீங்களா?" என்றார் மூலை. "ஒரு நேரம் வேலை செய்யுது, ஒரு நேரம் செய்யல. லூஸ் கனெக்‌ஷன். இதைத்தான் கண்டுபிடிக்கிறது கஷ்டம்."

அவள் நன்றியோடு தலையாட்டினாள்.

அவளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில், தெருவில், இந்தப் பின்னறையில் எல்லோருக்கும் அவள் சிஸ்டர்தான். பச்சைக் குழந்தைகள் வார்டில் நர்ஸ். மாதம் நிறைவதற்குள் பிறந்துவிட்ட குழந்தைகள், மூச்சுக்குத் திணறும் குழந்தைகள், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் குழந்தைகள். அவர்களுக்கு மருந்தும் ட்ரிப்ஸும் ஏற நரம்பில் ஊசி ஏற்றி வைக்க வேண்டும். அந்த நரம்பு தையல் நூலைவிடக் கொஞ்சம்தான் தடிமனாக இருக்கும். தோலோ வெங்காயச் சருகு.

அதில் அவள் கை பேர்போன கை. பக்கத்து வார்டுகளிலிருந்து கூப்பிட்டு அனுப்புவார்கள். பெரிய டாக்டரே இரண்டு தரம் குத்திப் பார்த்துவிட்டு, "சிஸ்டர் எங்கே?" என்று கேட்டிருக்கிறார். இரண்டு முறை தவறினால் ஊசியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. அதைக் கொண்டுவந்ததே அவள்தான். குழந்தையைச் சல்லடையாக்கக் கூடாது என்று சண்டை போட்டுக் கொண்டுவந்தாள். அந்த அடுத்தவர் எப்போதும் அவளாகத்தான் இருந்தாள்.

அந்த வாரம் ஒரு குழந்தைக்கு அவள் ஊசி ஏற்றும்போது நரம்பு வழுக்கியது. மறுபடி குத்தினாள். மறுபடியும் வழுக்கியது. வார்டின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தாய் நின்றுகொண்டிருந்தாள். அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டதை இவள் நிமிராமலே பார்த்தாள். மூன்றாம் முறை ஏறியது.

"என்னக்கா, மூணாச்சு?" என்றாள் ரேடியோ.

ரேடியோ உடன் வேலை பார்க்கிறவள். வாய் ஓயாது என்பதால் அந்தப் பெயர். தூங்கும்போதுதான் அவள் நிலையம் மூடும் என்பார்கள்.

"இந்த ஊசி லாட்டே சரியில்ல," என்றாள் இவள். "முனை மழுங்கிக் கிடக்கு. ஸ்டோருக்குச் சொல்லி மாத்தச் சொல்லு."

"எனக்கு நல்லாத்தானே ஏறுது?"

"உனக்கு என்ன தெரியும்? போய்ச் சொல்லு."

ரேடியோ போய்ச் சொன்னாள். ஸ்டோரில் முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார்கள். புது ஊசியும் பழைய ஊசியும் அச்சில் வார்த்தது போல ஒன்றாகவே இருந்தன.

லென்ஸ், கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போய்த் திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தாகிவிட்டது, கோளாறு ஏதும் இல்லை என்று கூடவே ஒரு சீட்டு.

"கோளாறு இல்லன்னா சந்தோஷம்தானே பட்டுக்கணும்?" என்றார் அவள் கணவர். சாயங்காலம் காப்பி போடுவது அவர் வேலை. லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் கம்பியைப் பிடித்துத் தொங்கிவிட்டு வருகிறவர். 'என் பொழப்பு ஏறுறதும் இறங்குறதும்தான், முன்னேற்றம் மட்டும் கிடையாது' என்று சொல்லிச் சிரிப்பார்.

"அவங்க சரியாப் பாக்கல. மூலை சொல்றாரு, இந்தச் சர்வீஸ் சென்டர்காரங்க மேலாகப் பாத்துட்டு அனுப்பிடுவாங்களாம்."

"எங்களுக்கும் அப்படி வரும். லிஃப்ட் ஆடுதுன்னு கம்ப்ளெயின்ட் வரும். நாங்க போனதும் லிஃப்டைப் பாக்க மாட்டோம்."

"பின்ன?"

"உள்ள யாரு நிக்கிறாங்கன்னு பாப்போம்."

அவள் சிரித்தாள். அவர் சட்டென்று அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார். "சும்மா சொன்னேன். இந்தா, காப்பி."

"என்னங்க இது, பாதி கப்தான் இருக்கு? பால்காரன் ஊரைவிட்டு ஓடிட்டானா?"

"சாயங்காலம் நிறையக் குடிச்சா உனக்குத் தூக்கம் வராது. அதான்."

"கொஞ்ச நாளா இதே கஞ்சத்தனமாப் போச்சு உங்களுக்கு."

"கஞ்சன்னு இப்பத்தான் கண்டுபிடிச்சியா? கேமரா வாங்கித் தந்தது யாருன்னு யோசிச்சுப் பாரு. நான் இல்ல, உன் பிள்ளை."

அது உண்மை. மகன் வேலைக்குப் போன புதிதில் அந்தக் கேமராவை வாங்கிக் கொடுத்திருந்தான். "நீ எடுக்கிற படத்தை வீட்டுச் சுவர் அளவுக்குப் பெருசாக்கலாம்மா," என்றான். ஆகவே கேமராவைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. லென்ஸைச் சொன்னாள். பனியைச் சொன்னாள். படகுத்துறைப் பலகை காற்றில் ஆடுகிறது என்றாள். குழுவும் அவளோடு சேர்ந்து மாய்ந்து மாய்ந்து யோசித்தது. இப்படி ஒரு சிக்கல் கிடைத்ததில் அவர்களுக்கு உள்ளூரக் கொண்டாட்டம்தான்.

"முக்காலி ஸ்டாண்டு போடுங்க," என்றார் கடைக்காரர். தன்னுடையதையே இரவல் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு வந்த படத்தில் கொக்கிகள் சிறுத்திருந்தன. ஆனால் இருந்தன. அரிசியின் முனை ஒடிந்தது போல ஒரு சின்ன வளைவு.

புரொபசர் எழுந்து மானிட்டருக்குப் பக்கத்தில் போய் மூக்கை வைத்துப் பார்த்தார். "ஸ்டாண்டு ஆடல. பலகை ஆடியிருந்தா கொக்கும் ஆடியிருக்கும், தண்ணியும் வேற மாதிரி இருக்கும். படம் எடுக்கிற அந்த நேரத்துல மட்டும் என்னமோ ஒண்ணு கேமராவைத் தொடுது."

"என்ன தொடுது? ஆவியா?" என்றார் மூலை.

"விரல்தான் ஓய். பட்டனை அமுக்குற விரல். நாம எல்லாருமே லேசா இடிச்சுத்தான் அமுக்குறோம். இந்தக் கேமராவுக்கு அதுகூட உறைக்குது. ஒரு ரிமோட் வாங்கி மாட்டுங்க சிஸ்டர், கையே படாம எடுங்க. அப்புறம் பாருங்க."

"டாக்டரம்மா கைக்கு இருக்கிற நிதானம் கேமராவுக்கு இல்ல பாருங்க," என்றார் கடைக்காரர். அவர் பேத்தி பிறந்தபோது அந்த வார்டில்தான் இருந்தது. அவருக்கு நர்ஸ், டாக்டர் என்ற வித்தியாசம் எல்லாம் கிடையாது. "என் பேத்திக்கு இவங்க ஊசி போட்டப்ப அது அழக்கூட இல்ல. தூங்கிட்டே இருந்துச்சு. அந்தக் கைக்குக் கோயில் கட்டலாம்."

"எல்லாரும் சொல்லியாச்சா?" என்று அவரே கேட்டார்.

"ரிமோட் வாங்கிடறேன்," என்றாள்.

வாங்கினாள். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கறுப்புப் பெட்டி. விடியாத கருக்கலில் படகுத்துறைக்குப் போனாள். ஸ்டாண்டை நட்டு, கேமராவைப் பூட்டி, விளக்குக்குக் குறிவைத்துவிட்டு, ரிமோட்டை எடுத்துக்கொண்டு நான்கு அடி தள்ளிப் போய் நின்றாள். கொக்கு அதே கம்பத்தடியில் அப்படியே நின்றிருந்தது. தண்ணீரில் சலனமே இல்லை. பட்டனை அமுக்கினாள். தூரத்தில் கேமரா தன்பாட்டுக்குக் கண்ணைச் சிமிட்டியது.

அங்கேயே கேமராவின் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அவள் பார்க்கவில்லை. ஸ்டாண்டை மடக்கிக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டாள். ஞாயிறு வரை அந்தப் படத்தைத் திறக்கவே இல்லை. பரீட்சை முடிவு வந்த பிறகும் பேப்பரைப் பிரிக்காமல் வைத்திருக்கும் பிள்ளையைப் போலிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் பென் டிரைவைச் செருகினார்.

மொத்தப் படம் வந்தது. அதே ஏரி, அதே துறை, அதே கொக்கு. பிறகு நூறு சதவீதம்.

நாற்காலிகள் நகர்ந்தன.

விளக்குகள் புள்ளிகளாக இருந்தன. வட்டமான, சுத்தமான, குத்தினால் ரத்தம் வருகிற அளவுக்குக் கூரான புள்ளிகள். கம்பத்தில் சிலந்தி கட்டிய நூலில் பனித்துளிகளை எண்ணலாம். கொக்கின் கழுத்து இறகில் ஒரு மயிர் தனியாகப் பிரிந்திருந்தது தெரிந்தது.

"மூலையைக் காட்டுங்க," என்றார் மூலை, குரல் தாழ்ந்து.

காட்டினார்கள். மேலே இடது, மேலே வலது. கீழே இரண்டும். மூலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார்.

"ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல," என்றார்.

அந்த அறையின் ஆயுளில் மூலை அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. புரொபசர் கைதட்டிவிட்டார். "சொன்னேனா இல்லையா? விரல்! அந்தச் சனியன் பிடிச்ச விரல்தான் அத்தனைக்கும் காரணம்! விரலை எடுத்தோம், படம் பளிச்சுன்னு வந்துடுச்சு!"

"இதை நான் பெருசா பிரிண்ட் போட்டு பிரேம் பண்ணி வார்டுக்குக் குடுக்கப் போறேன்," என்றார் கடைக்காரர். "என் பேத்தி பேருல. அம்மாமாருங்க கண்ணைத் தொடச்சிட்டு உக்காந்திருக்கிற அந்த வராந்தாவுல மாட்டணும். யாரும் வேணாங்கக் கூடாது."

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லென்ஸ் அதேதான். கேமரா அதேதான். பலகை, பனி, காற்று எல்லாம் அதேதான். ஒவ்வொன்றாகக் குற்றம் சாட்டி ஒவ்வொன்றாக விடுதலை செய்தாகிவிட்டது. கூண்டில் மிச்சம் நின்றது ஒன்றே ஒன்று. அது இப்போது அவள் மடியில், கைப்பைக்கு அடியில் ஒளிந்துகொண்டிருந்தது.

"எல்லாரும் சொல்லியாச்சா? சிஸ்டர், உங்க முறை. எப்படி எடுத்தீங்க, சொல்லுங்க."

அவள் வாயைத் திறந்தாள்.

"நான் தொடவே இல்ல," என்றாள்.

"அதான் ரகசியமே!" என்றார் மூலை. எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்தாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். வலது கையை முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, புறங்கைமேல் தாளை வைத்தாள். வார்டில் சேர்வதற்கு முன் வேறொரு பிரிவில் இருந்தபோது கை நடுங்குகிறதா என்று பார்க்க டாக்டர்கள் நோயாளிகளை இப்படிச் செய்யச் சொல்வதைப் பார்த்திருக்கிறாள். எத்தனையோ பேருக்கு அவளே தாள் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

கையில் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. தாளின் மூலையில் தெரிந்தது.

மூலையைக் காட்டுங்க, என்று யாரோ காதுக்குள் சொன்னது போல இருந்தது.

கணவர் சமையலறையிலிருந்து காப்பியோடு வந்தார். மேஜையில் கிடந்த தாளைப் பார்த்தார். கப்பை அவள் முன்னால் வைத்தார். பாதிக் கப்.

"முழுசா ஊத்துங்க," என்றாள்.

"போதும்மா..."

"ஊத்துங்கன்னா ஊத்துங்க."

உள்ளே போய்ப் பாத்திரத்தை எடுத்து வந்து விளிம்புவரை ஊற்றினார். அவள் கப்பை எடுத்தாள். வாய்க்குப் போகும் வழியிலேயே காப்பி தட்டில் சிந்தியது. அவள் கீழே வைக்கவில்லை. இன்னொரு கையையும் கொடுத்துப் பிடித்தாள். மேஜைமேல் சொட்டியது. கடைசியில் அவரே கப்பை வாங்கிக் கீழே வைத்தார்.

"எப்பலேருந்து தெரியும் உங்களுக்கு?"

அவர் துணி எடுத்து மேஜையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"பிள்ளை ஊருக்குக் கிளம்பின அன்னைக்கு அவன் சட்டைக்குப் பட்டன் தச்சியே. ஊசியில நூல் கோக்க என்கிட்ட குடுத்த."

"கண்ணு தெரியலன்னு சொன்னேன்ல?"

"கண்ணாடி போட்டுட்டுத்தான் சொன்ன."

அவள் அழவில்லை. அழுகை வந்தால் தேவலை என்று இருந்தது. "அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்றது? ஆஸ்பத்திரியில வேலை பாக்குறது நீ. நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். உனக்கே தெரிஞ்சிருக்கும், தெரிஞ்சு நீயா சொல்லுவன்னு பாத்தேன். அப்புறம் உங்க ஆளுங்க லென்ஸுன்னாங்க. லென்ஸா இருந்துடக்கூடாதான்னு நானும்தான் வேண்டிக்கிட்டேன். ரிமோட்டு வாங்கணும்னு சொன்னப்ப உன்னைவிட முன்னால செருப்பை மாட்டினது யாரு?"

உண்மைதான். அன்று கடைக்கு ஓட்டமாக ஓடியவர் அவர்தான்.

"நாளைக்கு லீவ் போட்டுட்டு உன்கூட வரேன். நல்ல டாக்டரா பாப்போம். மாத்திரை குடுப்பாங்க. இல்ல?"

அவளுக்குத் தெரிந்த நோய்களின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மனதுக்குள் வந்து நின்றன. சிலவற்றுக்கு மாத்திரை கேட்கும். சிலவற்றுக்குக் கேட்பது போலப் போக்குக் காட்டும். எதற்குமே பழைய கை திரும்பி வராது.

"பாப்போம்," என்றாள். "நாளைக்கு வேண்டாம். நாளைக்கு வார்டுல எனக்கு ஒரு வேலை இருக்கு."

மறுநாள் வார்டுக்குள் நுழையும்போதே குழந்தையின் அழுகை கேட்டது. உடம்பு இளைத்த குழந்தை. நேற்று ஏற்றிய ஊசி கழன்று, கை வீங்கியிருந்தது. மருந்து நின்றுபோய்விட்டது. ரேடியோ குனிந்து நின்று முயன்றுகொண்டிருந்தாள். அவள் நெற்றியெல்லாம் வேர்வை.

"வந்துட்டீங்களா அக்கா! உங்களைத்தான் தேடிட்டு இருந்தேன். ரெண்டு தடவை குத்திட்டேன், நரம்பு கண்ணாமூச்சி ஆடுது. இந்தப் பிள்ளை வளந்து திருடனாத்தான் வரப்போகுது, எப்படி ஒளிச்சு வச்சிருக்கு பாருங்க. இந்தாங்க, நீங்க பாத்துக்குங்க." தட்டை நீட்டினாள்.

அடுத்தவர் வந்துவிட்டதில் அவளுக்கு நிம்மதி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற தாய்க்கும் நிம்மதி. சிஸ்டர் கை பற்றி அவளுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

சிஸ்டர் கையுறை மாட்டி, ஊசியை எடுத்து, தொட்டிலுக்கு மேல் இருந்த விளக்கின் வெளிச்சத்தில் பிடித்தாள். ஊசி முனை மினுங்கியது. உற்றுப் பார்த்தாள். நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கியது போலத் தெரிந்தது. அந்த மினுக்கம் கீழே இறங்கி, இடப்பக்கம் வளைந்தது. இறங்கி, வளைந்தது.

ஊசியைத் தட்டிலேயே வைத்தாள்.

"நீயே போடு."

"என்னக்கா வெளையாடுறீங்க? ரெண்டு ஆயிடுச்சு. நீங்க போட்ட சட்டம்."

"சட்டத்தை நான் பாத்துக்கறேன். வலது கையை விடு. இடது காலை எடு, கணுக்கால் பக்கத்துல. அவசரப்படாத, கால் கொஞ்சம் சூடாகட்டும். நான் அடியில லைட் பிடிக்கிறேன், நரம்பு தெரியும்."

ரேடியோ அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தொட்டில்மேல் குனிந்தாள். இவள் சின்ன டார்ச்சை எடுத்துக் குழந்தையின் பாதத்துக்கு அடியில் பிடித்தாள். தோல் செக்கச்செவேல் என்று ஒளிர்ந்தது. உள்ளே கறுத்த நூலாக நரம்பு தெரிந்தது. தெரிந்து, நகர்ந்தது. மறுபடி தெரிந்து, நகர்ந்தது.

"லைட்டை ஆட்டாதீங்கக்கா," என்றாள் ரேடியோ, நிமிராமல்.

மணிக்கட்டைத் தொட்டில் விளிம்பில் ஊன்றிப் பார்த்தாள். அப்போதும் வெளிச்சம் நிற்கவில்லை. அவள் ஒரு துணியைச் சுருட்டித் தொட்டிலுக்குள் வைத்து, அதன்மேல் டார்ச்சைப் படுக்கவைத்து, மெல்லக் கையை எடுத்துக்கொண்டாள்.

வெளிச்சம் நின்றது. நரம்பு ஒரே இடத்தில் அசையாமல் கிடந்தது.

ஊசி ஏறியது.

குழந்தை வீறிட்டுவிட்டு அடங்கியது. ரேடியோ பிளாஸ்திரி ஒட்டினாள், ட்ரிப்ஸைத் திறந்துவிட்டாள், சொட்டு விழுவதைப் பார்த்தாள். இவ்வளவு வேலையும் முடியும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நிலையம் இப்படி மூடியதை அந்த வார்டில் யாரும் பார்த்ததில்லை.

"அக்கா," என்றாள் கடைசியில், கண் கலங்க. "அந்த ஊசி லாட்டு..."

"லாட்டு நல்ல லாட்டுதான்," என்றாள் இவள். "ஸ்டோர்காரன்கிட்ட நான் ஒரு மன்னிப்புக் கேக்கணும். இனிமே ரெண்டு தடவை தவறினா பெரிய டாக்டரைக் கூப்பிடு. என்னைக் கூப்பிடாத."

கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு வெளியே வந்தாள். வராந்தாவில் கடைக்காரர் ஏணிமேல் நின்று சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். சொன்னபடியே ராத்திரியோடு ராத்திரியாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்துவிட்டார், கடையைப் பூட்டிவிட்டு. ஆள் உயரத்துக்கு ஏரி சுவரில் சாய்ந்து நின்றது. அதற்குப் பக்கத்தில் போய், கொக்கின் கழுத்தை ஒரு தகப்பன் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிஸ்டர்! நேரா இருக்கா, சொல்லுங்க!" என்றார் கடைக்காரர் ஏணியிலிருந்து.

"நேராத்தான் இருக்கு."

"இவங்கதான்பா எடுத்தாங்க," என்று அவர் அந்தத் தகப்பனிடம் சொல்வது முதுகுக்குப் பின்னால் கேட்டது. "ஊசி போடுற கையே இவ்வளவு நிதானம்னா..."

மீதியை அவள் கேட்கவில்லை. வராந்தாவின் கோடியில் இருந்த வார்டு இன்சார்ஜ் அம்மாவின் அறைக் கதவைத் தட்டினாள்.

"வாங்க சிஸ்டர், என்ன காலங்காத்தால? வேற வார்டுல யாரும் உங்களைக் கடன் கேட்டாங்களா? தர முடியாதுன்னு சொல்லிட்டேன்," என்று சிரித்தார் இன்சார்ஜ் அம்மா. பிளாஸ்க்கைத் திறந்தார். "உக்காருங்க. காப்பி குடிங்க முதல்ல."

அவள் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் எடுத்து மேஜைமேல், அந்த அம்மாவின் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தாள்.

"பாதி கப் போதும்," என்றாள்.